‘புதிது என்றால் தேயத்தான் செய்யும்’ என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள்

வாங்கி ஐந்து மாதம்கூட ஆகாத என் பிஸ்டலின் உள்பக்கம் வெள்ளிபோலப் பளபளக்கிறது. கறுப்பாக இருந்திருக்க வேண்டிய இடம் அது. அந்தப் பளபளப்பில் பாதி தொழிற்சாலையின் கைங்கரியம். மீதிப் பாதி, சரிசெய்து தருகிறோம் என்று வாங்கி வைத்துக்கொண்ட கடையின் கைங்கரியம். கடையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் பேச்சு முழுவதும் அந்தப் பெயரைச் சுற்றியே போகும். ரெயில் தேய்மானத்தைப் பார்க்க உங்களுக்குத் தெரிந்துவிட்டால் எனக்குப் போதும்.

பாதித்தானியங்கிப் பிஸ்டலில் ஒவ்வொரு முறை சுடும்போதும் மேலே இருக்கும் ஸ்லைடு பின்னால் பாய்ந்து, மறுபடி முன்னால் வந்து சேரும். அது ஓடுவதற்கு ஃபிரேமின், அதாவது கைப்பிடியோடு சேர்ந்த அடிப்பாகத்தின், இரு பக்கமும் வயல் வரம்பு போல மெல்லிய விளிம்புகள் நீண்டிருக்கும். அவைதான் ரெயில். ஸ்லைடின் உள்ளே வெட்டப்பட்ட பள்ளம் இந்த விளிம்பைக் கவ்விக்கொண்டு ஓடும். என்னுடையது 9 மில்லிமீட்டர், அலுமினியக் கலவை ஃபிரேம், எஃகு ஸ்லைடு. அதாவது கடினமான உலோகம் மென்மையான உலோகத்தின் மேல் ஓடுகிறது. பெரெட்டா 92, சிக் சாவர் பி226 போன்ற பெயர்பெற்ற பிஸ்டல்களும் இதே ஏற்பாட்டில்தான் பல்லாண்டுகளாக உழைக்கின்றன. ஆகவே அலுமினியத்தின் மேல் பழி போட முடியாது.

அந்த அலுமினியத்தைக் காப்பது அனோடைசிங் என்ற அதன் கறுப்பு மேல்தோல். அனோடைசிங் என்பது பெயின்ட் அல்ல. உலோகத்தின் மேற்பரப்பையே மின்வேதியியல் முறையில் ஆக்சைடாக மாற்றிவிடுகிறார்கள். கடின வகை அனோடைசிங் மிக உறுதியானது, ஆனால் 50 மைக்ரான் அளவில்தான் இருக்கும், தலைமயிரைவிடச் சன்னம். அதைத் தாண்டிவிட்டால் அடியில் இருப்பது வெறும் அலுமினியம்.

முதல் 150 ரவுண்டு சுட்டபின் துடைப்பதற்காகப் பிரித்தேன். தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்துப் பிடித்து, அறைக்குள் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகுதான். இதை யாருக்கும் எத்தனை முறை சொன்னாலும் தகும். வலப்பக்க ரெயிலின் முன்முனையில், அடிப்பக்கத்தில், நகம் அளவுக்கு ஒரு வெள்ளிக் கீற்று. இடப்பக்கம் சுத்தமாக இருந்தது. படம் எடுத்துக் கடைக்கு அனுப்பினேன். “புதிது என்றால் தேயத்தான் செய்யும் சார். 500 ரவுண்டு போனால் தானாக அடங்கிவிடும். கொஞ்சம் எண்ணெய் போட்டுச் சுடுங்கள்” என்று பதில் வந்தது.

இந்தப் பதிலில் சிக்கல் என்னவென்றால் அது முக்கால்வாசி உண்மை. புதுப் பிஸ்டலின் ரெயிலில் தேய்மானம் வரும். ஸ்லைடு தனக்கான இடத்தைத் தேடிக்கொள்கிறது. ஆனால் அந்தத் தேய்மானம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், தடவினால் வழவழப்பாக இருக்கும், சில நூறு ரவுண்டுக்குப் பிறகு வளராமல் நின்றுவிடும். என்னுடையதில் இந்த மூன்றுமே பொருந்தவில்லை. அதை அப்போது கேட்கத் தெரியாமல், விற்றவருக்குத் தெரியாததா என்று சும்மா இருந்துவிட்டேன்.

500 ரவுண்டு முடிந்தது. கீற்று விரற்கடை நீளத்துக்கு வளர்ந்திருந்தது. நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தட்டியது. துடைத்த துணியில் எண்ணெய் கரும்சாம்பல் நிறத்தில் இருந்தது, வெளிச்சத்தில் காட்டினால் உள்ளே பொடிப்பொடியாக மினுக்கியது. வெடிமருந்துக் கரி மினுக்காது. அது என் ஃபிரேம்.

கடைக்கு எடுத்துப் போனேன். கல்லாவில் இருந்தவர் ஸ்லைடைக் கழற்றக்கூட இல்லை. “எங்கள் பட்டறையில் பார்த்துத் தருகிறோம், உத்தரவாதம் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்” என்றார். உத்தரவாதம் தயாரிப்பாளருடையது, பட்டறை கடையுடையது. இரண்டும் வேறு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு ரெயிலும் முன்முனை முதல் பின்முனை வரை வெள்ளை வெளேர் என்றிருந்தன. நீளவாக்கில் மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே திசையில். உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் இருந்த காயம் தெரியாமல் இருக்க, காயமே இல்லாத பக்கத்தையும் சுரண்டிச் சமமாக்கிவிட்டார்கள். ரசீதில் எழுதியிருந்தது: ‘சுத்தம் செய்து எண்ணெய் இடப்பட்டது.’

இதில் ஒரு கொடுமையான வேடிக்கை உண்டு. உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் குருணை பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடுதான். அனோடைசிங் தோலும் அலுமினியம் ஆக்சைடுதான். அந்தத் தோல் உதிர்ந்து எண்ணெயில் கலந்தால், ஒவ்வொரு முறை சுடும்போதும் உள்ளேயே உப்புத்தாள் ஓடுகிற மாதிரி. துடைக்கச் சொல்லாமல் எண்ணெய் விட்டுச் சுடச் சொன்ன யோசனையின் இலட்சணம் இது.

தயாரிப்பாளரின் சேவை மையத்துக்கு எழுதினேன். படங்களைப் பார்த்துவிட்டு ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்: அங்கீகாரம் இல்லாதவர் உலோகத்தில் கை வைத்திருப்பதால் உத்தரவாதம் செல்லாது. அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சல். முதல் 150 ரவுண்டில் எடுத்த படத்தைக் காட்டினேன். அதில் வரிசை எண் விழவில்லை. அது இந்தத் துப்பாக்கிதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். என்னிடம் இல்லை.

உண்மைக் காரணத்தைக் கண்டுபிடித்தது சுடுதளத்துக்கு வரும் பெரியவர் ஒருவர். வாழ்நாள் முழுவதும் லேத்தில் நின்றவர். ஃபிரேமை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே வைத்தார், ஸ்லைடைக் கையில் எடுத்தார். “எல்லோரும் அடி வாங்கினவனையே பார்க்கிறீர்களே, அடித்தவனைப் பார்க்க வேண்டாமா தம்பி?” என்றார். காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்து ஸ்லைடின் பள்ளத்துக்குள் மெதுவாக இழுத்தார். இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. வலப்பக்கம் முன்முனைக்குச் சற்று உள்ளே குச்சி தயங்கியது. நாலைந்து பஞ்சு இழைகள் அங்கே மாட்டிக்கொண்டு நின்றன. பிசிறு! ஸ்லைடில் பள்ளம் வெட்டியபோது விளிம்பில் நின்றுபோன உலோக முள், யாரும் அரம் போட்டு எடுக்காமல் விட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அது எஃகு, எதிரே இருப்பது அலுமினியம். 500 முறை சீவியிருக்கிறது.

“தேய்ந்தது வேறு, சீவப்பட்டது வேறு” என்றார் பெரியவர். பிறகு நீல மார்க்கர் ஒன்றை வாங்கி இரு ரெயிலிலும் தீட்டி, ஸ்லைடை மாட்டி, தோட்டா இல்லாமல் கையாலேயே இருபது முறை இழுத்துவிட்டார். பிரித்துப் பார்த்தபோது இடப்பக்கம் மை பரவலாக மங்கியிருந்தது. வலப்பக்கம் கத்தியால் கிழித்தது போல ஒரே கோடு. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகவில்லை. மூன்று வாரம் வைத்திருந்த பட்டறை இதைச் செய்யவில்லை. பிசிறை எடுக்காமலேயே திருப்பித் தந்திருந்தார்கள்.

குழல், ஸ்பிரிங் போன்றவை போனால் மாற்றிக்கொள்ளலாம். ஃபிரேம் அப்படி அல்ல. பெரும்பாலும் வரிசை எண் அதில்தான் இருக்கும். அமெரிக்கா போன்ற சில நாடுகளில் சட்டத்தின் கண்ணுக்குத் துப்பாக்கி என்றாலே ஃபிரேம்தான். ஃபிரேமை மாற்றுவது என்றால் கிட்டத்தட்டப் புதுத் துப்பாக்கி வாங்குகிற காகித வேலை. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் கடையிலேயே ஸ்லைடைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே லேசான கரி தெரிந்தால் பழையது என்று பதற வேண்டாம், தொழிற்சாலையிலேயே சில ரவுண்டு சுட்டுப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். பஞ்சுக் குச்சி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். இரு ரெயிலையும், அதே படத்தில் வரிசை எண்ணும் விழுகிற மாதிரி, ஒரு ரவுண்டுகூடச் சுடுவதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள். பழுது என்றால் பொருளைக் கொடுக்கும்போதே, தயாரிப்பாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எதையும் ராவவோ தேய்க்கவோ கூடாது என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் பொருளை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கிளாக் போன்ற பாலிமர் (பிளாஸ்டிக் வகை) ஃபிரேம் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் ரெயிலில் பூச்சு கொஞ்சம் போனதைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. அங்கே ரெயிலாக இருப்பது பாலிமருக்குள் பதித்த எஃகுத் துண்டுகள்.

என் ஸ்லைடின் பிசிறைப் பெரியவர் மெல்லிய எண்ணெய்க் கல்லால் எடுத்துக் கொடுத்தார். உத்தரவாதம் ஏற்கெனவே போய்விட்டதால் பயப்பட ஒன்றும் இல்லை. இப்போது ரெயிலுக்கு எண்ணெய்க்குப் பதில் கிரீஸ் போடுகிறேன், 100 ரவுண்டுக்கு ஒரு முறை பிரித்துத் துடைக்கிறேன். துணியில் மினுக்கல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. கடைக்கு அனுப்பிய இரண்டு பதிவுக் கடிதங்களும் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை அட்டைகள் வந்துவிட்டன. பதில் வரவில்லை.