சுண்ணாம்பு கேட்கும் யட்சி: ஃபோட்டோஷாப்பிலா, கிம்ப்பிலா, கிரிட்டாவிலா?

நள்ளிரவில் ஒற்றைப் பனையடியில் நின்றுகொண்டு, வழியே போகிறவனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கும் யட்சி என்ற பெண்பேயின் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் குறைவு. தக்கலைப் பக்கத்துப் பாட்டிமார் அதோடு ஒரு தற்காப்பையும் சேர்த்துச் சொல்லுவார்கள்: சுண்ணாம்பை விரலால் கொடுக்கக் கூடாது, கத்தி முனையில் எடுத்து நீட்ட வேண்டும், இரும்பைக் கண்டால் அவள் விலகிவிடுவாள். இந்த ஒரு காட்சியை நான்கு விநாடி ஓடும் அசைபடமாக, ஒவ்வொரு பிரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப்படமாக, கையால் வரைய முயன்றேன். ஒரே காட்சியை ஃபோட்டோஷாப், கிம்ப், கிரிட்டா ஆகிய மூன்று பட மென்பொருள்களிலும் செய்து பார்த்த பிறகு எழுதுகிற ஒப்பீடு இது.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தூரிகைகளின் எண்ணிக்கை பேய்ப் படத்துக்கு உதவாது. அவள் தலை குனிந்து நிற்கிறாள், கை மெல்ல நீள்கிறது, பிறகு ஒன்றரை விநாடிக்கு ஒன்றுமே நடக்கவில்லை, அதன்பின் இரண்டே பிரேம்களில் தலை நிமிர்ந்துவிடுகிறது. பயம் அந்த ஒன்றுமே நடக்காத ஒன்றரை விநாடியில்தான் பிறக்கிறது. ஆகவே, ஒரு பிரேமை மட்டும் தனியாக நிறுத்திவைக்க எந்த மென்பொருள் எளிதாக விடுகிறது என்பது முதல் கேள்வி. கருப்புக்கும் கருநீலத்துக்கும் இடையிலுள்ள மெல்லிய மாற்றங்கள் இறுதிக் கோப்பில் உயிரோடு மிஞ்சுகின்றனவா என்பது இரண்டாவது.

பிரேம்களைக் கால வரிசையில் அடுக்கிக் காட்டும் பட்டைக்கு டைம்லைன் என்று பெயர்; ஃபோட்டோஷாப்பின் டைம்லைனில் இரண்டு முறைகள் உண்டு. பிரேம் அனிமேஷன் முறையில், ஒவ்வொரு பிரேமுக்கும் அடியிலேயே அது எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைக் குறிக்கலாம். முதல் கேள்விக்கு இதைவிட நேரடியான விடை வேறெதிலும் இல்லை. எந்தப் பிரேமில் எந்த லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித்தாள் போன்ற பட அடுக்கு) தெரிய வேண்டும் என்பதை அது நினைவில் வைத்துக்கொள்வதால், பனையும் வானமும் உள்ள பின்னணியை ஒருமுறை வரைந்தால் போதும். இரண்டு பிரேம்களுக்கு இடையே மூடுபனியைப் படிப்படியாக மங்கச் செய்ய இடைப்பிரேம்களைத் தானே உருவாக்கியும் தரும். ஆனால் முந்தைய படத்தை மங்கலாகக் காட்டி அதன்மேல் அடுத்ததை வரைய உதவும் ஆனியன் ஸ்கின் இந்த முறையில் கிடையாது. அதற்கு வீடியோ டைம்லைன் முறைக்கு மாற வேண்டும், அங்கேயோ நிறுத்தத்தைக் கையாளும் விதமே வேறு. முதல் பிரேமில் செய்யும் இடமாற்றம் மற்ற எல்லாப் பிரேம்களுக்கும் பரவும் தெரிவு ஒன்றும் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் நான் யட்சியைச் சற்று இடப்பக்கம் நகர்த்த, நீட்டிய கை உட்பட எல்லாமே நகர்ந்துவிட்டன. பிழை என்னுடையதுதான். சந்தா கட்டித்தான் இதைப் பயன்படுத்த முடியும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கல்யாணப் பத்திரிகையும் ஃபிளெக்சும் வடிவமைத்துப் பிழைப்பவருக்கு அது ஏற்கெனவே உள்ள செலவு, பொழுதுபோக்காக வரைகிற கல்லூரி மாணவருக்கு அப்படியல்ல.

கிம்ப் இலவசமானது, ஆனால் அதில் டைம்லைனே இல்லை. ஒரு லேயர் என்றால் ஒரு பிரேம். அடியிலுள்ள லேயரில் தொடங்கி மேல்நோக்கி ஓடும். ஒரு பிரேம் நிற்க வேண்டிய நேரத்தை அந்த லேயரின் பெயரிலேயே, அடைப்புக்குறிக்குள் மில்லிசெகண்டில் எழுதிவிட வேண்டும். கேட்பதற்கு விநோதமாக இருந்தாலும், பழகிய பிறகு நிறுத்தங்களைத் திருத்த இது மிகவும் வசதியாக இருக்கிறது. சிக்கல் வரைவதில்தான். யட்சியின் முகம் அசையாமல் இருக்க, கூந்தல் மட்டும் நடுங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கூந்தல் மட்டும் உள்ள லேயரை முந்தைய பிரேமோடு சேர்க்கச் சொன்னால், பழைய கூந்தலும் அங்கேயே நின்று, நான்காவது பிரேமில் தலை சிக்குப் பிடித்த தென்னந்துடைப்பமாகிவிடும். ஆகவே ஒவ்வொரு பிரேமையும் பின்னணியோடு சேர்த்து முழுப்படமாக அடுக்க வேண்டியிருக்கிறது. 1920-க்கு 1080 பிக்சல் அளவில் ஒரு லேயர் சுமார் 8 மெகாபைட். விநாடிக்கு 12 என்ற கணக்கில் நான்கு விநாடிக்கு 48 லேயர்கள், அதாவது சுமார் 400 மெகாபைட். நடுவில் பின்னணி நிலவைக் கொஞ்சம் இறக்க வேண்டும் என்று தோன்றினால் 48 இடங்களில் இறக்க வேண்டும்.

கிரிட்டா அடிப்படையில் ஓவியம் வரைவதற்கான மென்பொருள், இதுவும் இலவசம். 2016-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அசைபட வசதி அதில் இருக்கிறது. இங்கே ஒவ்வொரு லேயருக்கும் தனித்தனிப் பிரேம் வரிசை உண்டு என்பதால், மேலே சொன்ன கூந்தல் சிக்கல் எழுவதே இல்லை. முகத்துக்கு ஒரே ஒரு படம், அது அப்படியே நிற்கும். கூந்தலுக்கு மூன்று படங்கள்: ஒரே கூந்தலை மூன்று முறை, முந்தையதைப் பார்த்துப் பார்த்து, ஆனால் அச்சாக ஒத்துப்போகாமல் வரைந்து, அவற்றை மாறி மாறி ஓடவிட வேண்டும். கோடுகள் இலேசாகத் துடிக்கும். காற்றே இல்லாத இரவில் கூந்தல் மட்டும் உயிரோடு இருப்பதுபோல் தெரியும். இந்த மூன்றை வரையும்போதுதான் ஆனியன் ஸ்கின்னின் அருமை புரிகிறது: முந்தைய படம் சிவப்புச் சாயலிலும் அடுத்தது பச்சைச் சாயலிலும் அடியில் தெரிய, எவ்வளவு விலகி வரைகிறோம் என்பதைக் கண்ணாலேயே அளக்கலாம். நிறுத்தம் வேண்டுமென்றால் அடுத்த பிரேமை டைம்லைனில் வலப்பக்கம் தள்ளிவைத்தால் போதும். ஆனால் விநாடிக்கு 12 பிரேம் என்று வைத்துவிட்டால் நிறுத்தங்கள் யாவும் ஏறத்தாழ 83 மில்லிசெகண்டின் மடங்குகளாகவே அமையும்.

இருட்டு விஷயத்தில் குற்றவாளி மென்பொருளைவிட, அசைபடத்தைச் சேமிக்கும் ஜிஃப் என்ற கோப்பு வடிவந்தான். 1987-இல் பிறந்த அந்த வடிவம் ஒரு பிரேமில் அதிகபட்சம் 256 நிறங்களையே தாங்கும். பத்மநாபபுரம் அரண்மனையின் கருந்தரையில் விளக்கொளி மெல்லக் கரைவதைப் பார்த்தவர்களுக்கு, அத்தகைய கரைதலை 256 நிறங்களில் அடக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கரைவதற்குப் பதில் பட்டை பட்டையாகப் படிக்கட்டு கட்டிவிடும். புள்ளி தெளித்து இந்தப் படிக்கட்டை மறைக்கும் டிதரிங்கை, ஃபோட்டோஷாப்பில் சதவீதக் கணக்கில் கூட்டிக் குறைக்கலாம். கிம்ப்பில், ஏற்றுமதிக்கு முன்பே நிறப்பட்டியல் முறைக்கு நாமே மாற்றிக்கொண்டால் டிதரிங் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். கிரிட்டாவில் இந்தக் கட்டுப்பாடு குறைவு. ஜிஃப்பின் கால அளவு நூறில் ஒரு விநாடியில்தான் எழுதப்படுகிறது என்பதால் விநாடிக்கு 24 என்பதும் அதில் துல்லியமாக அமையாது.

ஃபோட்டோஷாப்புக்கு ஏற்கெனவே சந்தா கட்டுகிறவர், இருக்கும் படங்களை வெட்டி ஒட்டி அசைக்கப் போகிறார் என்றால், அவர் வேறெங்கும் போக வேண்டாம். பேனா டேப்லெட்டில் கோடு கோடாக வரையப் போகிறவருக்குக் கிரிட்டாவைத்தான் சொல்லுவேன். கிம்ப்பில் முழுப்படத்தையும் வரைய யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன், ஆனால் அதைத் தள்ளிவிடவும் மாட்டேன். நான் இப்போது கிரிட்டாவில் வரைந்து, ஒரே படம் திரும்பத் திரும்ப வராதபடி தனித்த பிரேம்களை மட்டும் எழுதும் தெரிவைப் போட்டு பிஎன்ஜி வரிசையாக, அதாவது பிரேமுக்கு ஒரு படக்கோப்பாக, வெளியே எடுத்து, அவற்றைக் கிம்ப்பில் லேயர்களாகத் திறந்து நிறுத்தங்களை வைக்கிறேன். பார்ப்பது எப்போதும் விளக்கணைத்த அறையில், கைப்பேசியின் வெளிச்சத்தை அரைவாசிக்கும் கீழே இறக்கிவைத்துத்தான். நேற்று அப்படிப் பார்த்தபோது, கை நீட்டியபின் வரும் நிறுத்தம் கொஞ்சம் அவசரப்படுவதாகத் தோன்றியது. லேயரின் பெயரில் இருந்த 1,500-ஐ அழித்து 1,900 என்று எழுதினேன்.