டயலாக் எலிமென்ட்: எம்.சி. ரோடு பில்லிங் பக்கங்களில் போட்டுப் பார்த்த பிறகு

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைகளுக்கு பில்லிங், ஸ்டாக் பக்கங்கள் செய்துகொடுக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "பாப்-அப்புக்கு இன்னும் லைப்ரரிதான் போடணுமா, பிரவுசர்லயே இருக்கிற டயலாக் போதுமா? ரெண்டு கடைல சேவ் பட்டனே தெரியலன்னு சொல்றாங்க." போனில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன். பாப்-அப் பெட்டிக்காக ஹெச்டிஎம்எல்லிலேயே இருக்கும் டேக்தான் டயலாக். குரோமில் அது 2014-லேயே, 37-ஆம் பதிப்பில் வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 98, சஃபாரி 15.4 இரண்டும் 2022 மார்ச்சில்தான் அதைச் சேர்த்தன. அன்றிலிருந்து கடைப் பக்கங்களில் இதைத்தான் போட்டு வருகிறேன். ஷோமோடல் (பின்பக்கத்தைப் பூட்டி டயலாக்கைத் திறக்கும் கட்டளை), பேக்டிராப் (டயலாக்குக்குப் பின்னால் விழும் மங்கல் திரை) எல்லாம் தெரிந்தவர்களுக்கான பகிர்வு இது. அடிப்படையை மறுபடி விளக்கப் போவதில்லை.

மனதாரப் பாராட்ட வேண்டியது டாப் லேயரை, அதாவது பக்கம் முழுவதற்கும் மேலே பிரவுசர் தனியாக வைத்திருக்கும் அடுக்கை. பழைய முறையில் 'புது கஸ்டமர்' பாப்-அப்பை ஒரு டிவ்வில் எழுதி, பொசிஷன் ஃபிக்ஸட் போட்டு, அதை ஹெடருக்குள் வைத்திருப்போம். யாராவது அழகுக்காக ஹெடருக்கு பேக்டிராப்-ஃபில்டர் பிளர் சேர்ப்பார்கள். அந்த நிமிடத்திலிருந்து ஃபிக்ஸட் என்பது திரையைப் பார்க்காது, ஹெடரைப் பார்க்கும். 56 பிக்சல் உயரத்துக்குள் பாப்-அப் நசுங்கி நிற்கும். டிரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர், வில்-சேஞ்ச் எது மேலே இருந்தாலும் இதே கதிதான். எது மேலே நிற்கும் என்று சொல்லும் எண்ணான இசட்-இண்டெக்ஸை 9999, 99999 என்று ஏற்றிக்கொண்டே போனாலும் பலன் இருக்காது, ஏனென்றால் பாப்-அப் அந்த ஹெடரின் ஸ்டாக்கிங் கான்டெக்ஸ்டுக்குள்ளேயே (அதன் அடுக்கு வரிசைக்குள்ளேயே) அடைபட்டிருக்கிறது. ஷோமோடல் இந்தத் தொல்லை முழுவதையும் ஒரே வரியில் தீர்த்துவிட்டது. டயலாக் டாப் லேயருக்குப் போய்விடும். மேலே இருக்கும் எலிமென்ட்களின் ஓவர்ஃப்ளோ, டிரான்ஸ்ஃபார்ம், இசட்-இண்டெக்ஸ் எதுவும் அதைத் தொடாது. பின்னால் இருக்கும் பக்கம் தானாகவே இனர்ட் ஆகும், அதாவது கிளிக்கோ கீபோர்டோ எடுக்காது. எஸ்கேப் தட்டினால் மூடும், மூடியதும் ஃபோகஸ் பழைய பட்டனுக்கே திரும்பும். இதையெல்லாம் கையால் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஒரே ஒரு விஷயத்தில் டாப் லேயரும் காப்பாற்றாது. டயலாக் இருக்கும் தாய் எலிமென்டுக்கு டிஸ்பிளே நன் இருந்தால் பெட்டி வரையப்படாது, ஆனால் பக்கம் மட்டும் பூட்டிக்கொள்ளும். மறைந்திருக்கும் டேபின் பேனலுக்குள் டயலாக்கை எழுதி, வேறு டேபிலிருந்து திறந்தால் இதுதான் நடக்கும். கடையில் "ஹேங் ஆயிடுச்சு" என்பார்கள். டயலாக்கை பாடியின் கடைசியில் எழுதுவதுதான் தீர்வு.

எரிச்சலும் அதே டாப் லேயரில்தான் இருக்கிறது. ஷோமோடல் போட்ட பிறகு டாப் லேயருக்கு வெளியே இருக்கும் எதுவும் அதற்கு மேலே வர முடியாது. 'ஸ்டாக் இல்லை' என்று வர வேண்டிய டோஸ்ட் (சில நொடி வந்து மறையும் சிறு அறிவிப்பு) பேக்டிராப்புக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும். செலக்ட்2 லைப்ரரி மாதிரியான டிராப்டவுன்கள் தங்கள் பட்டியலை பாடியில் கொண்டுபோய் ஒட்டுவதால், பட்டியல் டயலாக்குக்கு அடியில் திறக்கும். இதற்கு டிராப்டவுன்-பேரன்ட் ஆப்ஷனில் டயலாக்கைக் கொடுத்தால் போதும். டோஸ்டுக்கு நிறையப் பேர், டாப் லேயருக்கு ஏற்றும் இன்னொரு வழியான பாப்ஓவர் மேனுவல் போட்டு, டயலாக் திறந்த பிறகு ஷோபாப்ஓவர் கூப்பிடுகிறார்கள். டாப் லேயரில் கடைசியாக ஏறியதுதான் மேலே நிற்கும் என்பதால் டோஸ்ட் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அது டயலாக்குக்கு வெளியே இருப்பதால் இனர்ட். அதிலிருக்கும் 'திரும்பப் பெறு' பட்டனைத் தட்டினால் அசையாது. ஸ்க்ரீன் ரீடரும் அதை வாசிக்காது. ஆகவே டோஸ்டுக்கான இடத்தை டயலாக்குக்குள்ளேயே வைக்க வேண்டும். திறந்த டயலாக் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதற்குள்ளும் இல்லையென்றால் பாடியிலும் சேர்க்கும் நாலு வரி ஃபங்க்ஷன் ஒன்று எல்லா ப்ராஜெக்டிலும் இருக்கட்டும்.

பணம் வாங்கும் இடத்தில்தான் உண்மையிலேயே கோபம் வரும். பேமென்ட் கேட்வேயின் ஸ்கிரிப்ட் தன் ஐஃப்ரேமை (பக்கத்துக்குள் திறக்கும் இன்னொரு பக்கம்) பாடியில் சேர்த்து, இசட்-இண்டெக்ஸ் 2147483647 போட்டுக்கொள்கிறது. அதற்கு மேல் எண் கிடையாது என்ற நம்பிக்கையில் எழுதியது. டயலாக் திறந்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. ஐஃப்ரேம் அடியில் கிடக்கும், கிளிக் செல்லாது, கீபோர்டும் செல்லாது. கவுன்டரில் கஸ்டமர் ஜிபே திறந்து காத்திருக்க, திரையில் ஒன்றும் நகராது. கேட்வே திறப்பதற்கு முந்தைய வரியில் டயலாக்கின் குளோஸ், பணம் தோற்றால் மறுபடி ஷோமோடல். எலிமென்ட் அழிவதில்லை என்பதால் நிரப்பிய விவரங்கள் அப்படியே இருக்கும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இனி நண்பரின் சேவ் பட்டனுக்கு வருகிறேன். 11 ஃபீல்டு இருக்கும் சரக்குப் பதிவு ஃபார்மை அவர் டயலாக்கில் வைத்திருக்கிறார். இதில் மூன்று தவறுகள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன, அதனால்தான் ஒன்றைச் சரிசெய்தாலும் பட்டன் தெரிவதில்லை.

முதலாவது, மேக்ஸ்-ஹைட் 100விஎச். மொபைலில் விஎச் என்பது அட்ரஸ் பார் சுருங்கிய பிறகு கிடைக்கும் பெரிய உயரம். அட்ரஸ் பார் தெரியும் நேரத்தில் அந்த உயரம் திரையைவிட அதிகம், டயலாக்கின் அடிப்பகுதி வெளியே போய்விடும். அந்தந்த நேரம் தெரியும் உயரத்தோடு மாறும் அலகான டிவிஎச்சில் 100டிவிஎச் போடுங்கள். குரோம் 108, சஃபாரி 15.4, ஃபயர்ஃபாக்ஸ் 101 முதல் இருக்கிறது. பழைய போன்களுக்காக விஎச் வரியை மேலேயும் டிவிஎச் வரியை அடுத்தும் எழுதினால், தெரியாத வரியை பிரவுசர் விட்டுவிடும்.

இரண்டாவது ஃப்ளெக்ஸ் சங்கிலி. தலைப்பு, நடுவில் ஸ்க்ரோல் ஆகும் பகுதி, கீழே பட்டன் வரிசை. டயலாக்குக்கு ஃப்ளெக்ஸ் காலம், நடுப்பகுதிக்கு ஓவர்ஃப்ளோ ஆட்டோ என்று எல்லோரும் சரியாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் டயலாக்குக்கும் இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு ஃபார்ம் டேக் நிற்கிறது! அப்போது ஃப்ளெக்ஸின் குழந்தை ஃபார்ம் மட்டும்தான். நடுப்பகுதிக்கு ஃப்ளெக்ஸ் போய்ச் சேரவே இல்லை. அது முழு நீளத்துக்கு வளரும், டயலாக் மொத்தமாக ஸ்க்ரோல் ஆகும், பட்டன் 11 ஃபீல்டுக்குக் கீழே போய் உட்காரும். ஃபார்முக்கும் ஃப்ளெக்ஸ் காலம், மின்-ஹைட் 0. நடுப்பகுதிக்கும் மின்-ஹைட் 0. ஃப்ளெக்ஸ் குழந்தையின் மின்-ஹைட் சொல்லாமல் விட்டால் ஆட்டோ, உள்ளே இருப்பதைவிடச் சுருங்க மறுக்கும். இதை எழுதும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள்: டிஸ்பிளே ஃப்ளெக்ஸை டயலாக் என்ற செலக்டரில் நேராகப் போட்டால், மூடிய டயலாக்கும் பக்கத்தில் தெரியும். பிரவுசர் போட்டிருக்கும் டிஸ்பிளே நன்னை நம் வரி தோற்கடித்துவிடுகிறது. ஓப்பன் ஆட்ரிப்யூட் இருக்கும் டயலாக்குக்கு மட்டும் என்று செலக்டரை எழுதுங்கள்.

மூன்றாவது கீபோர்டு. ஆண்ட்ராய்டு குரோம் 108-லிருந்து கீபோர்டு வந்தாலும் லேஅவுட் வியூபோர்ட் (பக்கம் அளவெடுக்கும் பரப்பு) சுருங்குவதில்லை, டிவிஎச்சும் மாறுவதில்லை. திரையில் பாதிக்குக் கிட்ட மறைந்துபோக, பட்டன் வரிசை கீபோர்டுக்கு அடியில். வியூபோர்ட் மெட்டா டேகில் இன்டராக்டிவ்-விட்ஜெட் என்பதற்கு ரீசைசஸ்-கன்டென்ட் என்று கொடுத்தால் ஆண்ட்ராய்டு குரோமில் பழையபடி சுருங்கும். ஐபோனில் இதை நம்பி இருக்க முடியாது. விஷுவல்-வியூபோர்ட்டின் ரீசைஸ் ஈவென்டில் அதன் உயரத்தை ஒரு சிஎஸ்எஸ் வேரியபிளில் வைத்து, மேக்ஸ்-ஹைட்டுக்கு அதைத் தர வேண்டும். அதோடு சின்னத் திரையில் டயலாக்கை நடுவில் வைக்காமல் மேல் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். இவ்வளவுக்கும் நேரமில்லை என்றால் போனில் மட்டும் சேவ் பட்டனைத் தலைப்பு வரிசைக்கு ஏற்றிவிடுங்கள், எந்தக் கீபோர்டும் அதை மறைக்காது.

தமிழில் பக்கம் செய்கிறவர்களுக்கு அகலமும் தலைவலிதான். பிரவுசர் டயலாக்குக்குத் தரும் மேக்ஸ்-விட்த் என்பது 100 சதவீதத்தில் 6 பிக்சலும் 2இஎம்மும் கழித்தது. அந்த எண்கள் சும்மா வரவில்லை: இரண்டு பக்க பார்டர் 3 பிக்சல் வீதம் 6, இரண்டு பக்க பேடிங் 1இஎம் வீதம் 2. 1இஎம் 16 பிக்சல் என்றால் 360 பிக்சல் போனில் உள்ளடக்கம் 322, பார்டரும் பேடிங்கும் சேர்ந்தால் சரியாக 360. நம் ரீசெட்டில் (பிரவுசரின் ஸ்டைலை அழிக்க முதலில் எழுதும் சிஎஸ்எஸ்) பார்டர்-பாக்ஸ் இருந்தால் அந்த 322-க்குள்ளேயே எல்லாம் அடங்க வேண்டும். உள்ளே மிஞ்சுவது 284. பட்டன் இரண்டு, நடுவே 12 என்றால் ஒவ்வொன்றுக்கும் 136; பட்டனின் பேடிங் 16, 16 போனால் எழுத்துக்கு 104 பிக்சல். 'உறுதிப்படுத்து' என்ற சொல் 16 பிக்சல் அளவில் அதற்குள் நிற்காது, 'சேவ்' நிற்கும். ஆங்கிலத்தில் செய்து பார்த்துவிட்டுத் தமிழை ஏற்றினால் பட்டன் பெட்டியைத் தாண்டி நீட்டுவது இதனால்தான். பட்டன் வரிசைக்கு ஃப்ளெக்ஸ்-ராப் போடுங்கள், டயலாக்கின் மேக்ஸ்-விட்த்தை நீங்களே எழுதுங்கள், லைன்-ஹைட் 1.6-க்குக் குறையாமல் வையுங்கள். அதே ரீசெட்டில் எல்லாவற்றுக்கும் மார்ஜின் 0 என்று இருந்தால் டயலாக் இடது மேல் மூலைக்கு ஓடிவிடும். மார்ஜின் ஆட்டோ என்ற ஒரு வரி போதும். சிஎஸ்எஸ் லைப்ரரியான டெயில்விண்ட் 4-க்கு மாறியவர்கள் பலர் இதைப் பார்த்திருப்பார்கள்.

வெளியே தட்டினால் மூட வேண்டும் என்று எல்லாக் கடையிலும் கேட்பார்கள். கிளிக்கின் டார்கெட் டயலாக்தானா என்று பார்த்து மூடுவது வழக்கமான வழி. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. விலைக் கட்டத்தில் 1250 என்பதை அழிக்க மவுஸை வலமிருந்து இடமாக இழுப்பார்கள். வேகத்தில் மவுஸ் டயலாக்குக்கு வெளியே போய் விரல் எடுபடும். அழுத்தியது இன்புட்டில், விட்டது பேக்டிராப்பில் என்பதால் கிளிக் இரண்டுக்கும் பொதுவான தாய்க்குப் போகிறது. அது டயலாக். பெட்டி மூடிவிடும், பாதி நிரப்பிய பில்லோடு. பாயின்டர்-டவுனின் டார்கெட்டையும் சேமித்து, இரண்டும் டயலாக்காக இருந்தால் மட்டும் மூடுங்கள். டயலாக்கின் பேடிங்கை 0 ஆக்கி உள்ளே ஒரு டிவ்வுக்கு அதைக் கொடுப்பதும் அவசியம், இல்லையென்றால் ஓரத்தில் தட்டினாலும் மூடும். இதே வேலையைப் பார்க்கும் குளோஸ்ட்-பை என்ற ஆட்ரிப்யூட் குரோம் 134-இல் வந்திருக்கிறது. எல்லா பிரவுசரிலும் ஒரே நேரத்தில் வராததால் கையால் எழுதியதை இன்னும் எடுக்கவில்லை.

எஸ்கேப்பைத் தடுக்க கேன்சல் ஈவென்டில் பிரிவென்ட்-டீஃபால்ட் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். நடுவில் வேறு எதையும் தொடாமல் இரண்டாம் முறை எஸ்கேப் தட்டினால் குரோம் மூடியே விடும். பயனரைச் சிறைவைக்கக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள், நியாயம்தான். நிரப்பியதை லோக்கல் ஸ்டோரேஜில் அவ்வப்போது எழுதிவைப்பதே பாதுகாப்பு. ரியாக்டில் ஓப்பன் என்ற ப்ராப்பை ட்ரூ ஆக்கித் திறக்கிறவர்களுக்கும் ஒரு சொல்: அது மோடல் ஆகாது, பேக்டிராப் வராது, டாப் லேயரும் கிடையாது. ரெஃப் எடுத்து எஃபெக்டில் ஷோமோடல் கூப்பிட வேண்டும்.

பின்பக்கம் ஸ்க்ரோல் ஆவதை டயலாக் தடுப்பதில்லை. மோடல் டயலாக் இருக்கும்போது ஹெச்டிஎம்எல்லுக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன் என்று ஹேஸ் செலக்டரில் ஒரு வரி, விண்டோஸில் பக்கம் வலப்பக்கம் குதிக்காமல் இருக்க ஸ்க்ரோல்பார்-கட்டர் ஸ்டேபிள் என்று இன்னொரு வரி. பில் பிரிவ்யூவை டயலாக்கிலிருந்து நேராக பிரின்ட் செய்யாதீர்கள். மேக்ஸ்-ஹைட்டும் ஓவர்ஃப்ளோவும் இருப்பதால் நீளமான பில் பாதியில் வெட்டுப்படும். மறைந்த ஐஃப்ரேமில் பில்லை மட்டும் எழுதி, 80 எம்எம் தெர்மல் ரோலுக்கு 72 எம்எம் அகலம் கொடுத்து அதை பிரின்ட் செய்யுங்கள்.

இத்தனை பாராட்டிய பிறகு நண்பருக்கு என் பதில்: அந்த இரண்டு கடைகளிலும் சரக்குப் பதிவு டயலாக்கை எடுத்துவிடுங்கள். 11 ஃபீல்டு இருக்கும் ஃபார்ம் ஒரு தனிப் பக்கமாக இருக்கட்டும். மேலே சொன்னதில் கீபோர்டு, டிவிஎச், ஃப்ளெக்ஸ் சங்கிலி, டோஸ்ட், எஸ்கேப் என்று பாதிக்கு மேல் அங்கேயே இல்லாமல் போகும். பேக் பட்டனும் ஒழுங்காக வேலை செய்யும். குரோம் 126-க்கு முந்தைய ஆண்ட்ராய்டில் டயலாக் திறந்திருக்கும்போது பேக் தட்டினால் பக்கமே போய்விடும், நிரப்பியதும் போய்விடும். கவுன்டரில் இருக்கும் பழைய டேப்லெட்டுகளில் இது இன்னும் நடக்கும். 'இந்த பில்லை அழிக்கவா?' என்று கேட்கும் இரண்டு பட்டன் பெட்டிக்கு டயலாக்கை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு இதைவிட நல்லது கிடையாது. லைப்ரரிக்கும் திரும்ப வேண்டாம். மாற்றத்தை ஆடித் தள்ளுபடி தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள், கவுன்டர் பையன்களுக்குப் புதுப் பக்கம் கைக்குப் பழக அவ்வளவு நாள் வேண்டும்.