சரிவுக் காணியில் கோச்சிப் பாதை: சமமாக ஓட்டுவதா, ஏற்றிப் பார்ப்பதா?

மாதிரி ரயில் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி எந்த எஞ்சின் வாங்குவது என்பதுதான். தட்டையான முற்றம் உள்ளவர்களுக்கு அது சரியான கேள்வி. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வீட்டுக்குப் பின்னால் நாலடிக்கு ஓரடி இறங்கும் காணி வைத்திருப்பவர் அதைக் கடைசியாகக் கேட்டால் போதும். உயரத்தை என்ன செய்யப் போகிறோம் என்று முதலில் முடிவெடுத்துவிட்டால், தண்டவாளத்தின் அளவு, பெட்டரியா மின்சாரமா, எத்தனை பெட்டி என்பதெல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

கணக்குக்கு ஒரு காணியை எடுத்துக்கொள்வோம். தோட்டத் தொழிலாளருக்கான தனி வீட்டுத் திட்டங்களில் கொடுத்த ஏழு பேர்ச் என்பது சுமார் 177 சதுர மீட்டர். 550 சதுர அடி வீடு அதில் 51 சதுர மீட்டரைப் பிடித்துக்கொள்ளும். வாசல், தண்ணீர்த் தாங்கி, போஞ்சிப் பாத்தி, துணி காயப்போடும் இடம் எல்லாம் போக, குறுக்கே 10 மீட்டரும் சரிவின் திசையில் 5 மீட்டருமாக ஒரு துண்டு மிஞ்சினால் அதிர்ஷ்டம். நாலுக்கு ஒன்று என்ற சரிவில் அந்த 5 மீட்டருக்குள் தரை 1.25 மீட்டர் இறங்கிவிடும். இந்தத் துண்டில்தான் எல்லா வழிகளையும் வைத்துப் பார்க்கிறேன். இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் தோட்டத்து ரயிலுக்கு வழக்கமான 45 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சின்ன அளவைப் பற்றிப் பிறகு பேசலாம்.

சமமான வளையம்

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் ஒரு நீள்வட்டம். மொத்தப் பாதை இருபது மீட்டருக்குச் சற்று மேல் வரும். மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் இடையே தரை ஒரு மீட்டர் இறங்கியிருக்கும். அந்த ஒரு மீட்டரை மேலே வெட்டி எடுக்கலாம், கீழே தூண் வைத்து நிரவலாம், இல்லையென்றால் பாதிப் பாதி செய்யலாம்.

வெட்டுவதைப் பற்றி மலையகத்தில் லேசாகப் பேச முடியாது. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவு இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. விளையாட்டு ரயிலுக்காக மண்மேட்டின் அடியை ஒரு மீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாகச் சீவுவது, அதுவும் மேலே இன்னொருவர் வீடு இருக்கும்போது, செய்யவே கூடாத வேலை. ஓரடிக்கு மேல் வெட்ட வேண்டாம் என்பது என் கட்சி. அந்த ஓரடிக்கும் கருங்கல் கட்டு ஒன்று வேண்டும், கட்டுக்குப் பின்னால் தண்ணீர் வடிய வழியும் வேண்டும். பாதிப் பாதி என்பது கடதாசியில் அழகாக இருக்கும், வெட்டிய மண்ணைக் கீழே கொட்டி அணை போடலாம் என்று தோன்றும். புதிதாகக் கொட்டிய மண் முதல் பெருமழையில் அமுங்கும், அதோடு தண்டவாளமும் அமுங்கும்.

ஆகவே தூண். நாலங்குல பி.வி.சி. குழாயை ஒன்றரை அடிக் குழியில் நட்டு, உள்ளே கொங்கிரீட் நிரப்பி, ஈரம் காயுமுன் நடுவில் 12 மில்லிமீட்டர் மரை போட்ட கம்பியைச் சொருகிவிடுங்கள். கம்பி மேலே நாலங்குலம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். அதில் ஒரு நட், ஒரு வாஷர், அதற்கு மேல் பாதையைத் தாங்கும் சிமெந்துப் பலகை, மறுபடி வாஷர், நட். மழைக்குப் பிறகு ஏதாவது ஒரு தூண் அரை அங்குலம் இறங்கினாலும், மேல் நட்டைத் தளர்த்திக் கீழ் நட்டை ஸ்பேனரால் திருப்பினால் மட்டம் திரும்பிவிடும். மரத்தூண் மலிவுதான். ஆனால் வட்டவளைப் பக்கத்து மழையில் மண்ணும் காற்றும் சேரும் இடத்தில் முதலில் இற்றுப்போவது மரந்தான்.

மட்டம் பார்க்க மேசன் பாஸ்மாரின் தண்ணீர்க் குழாயை விடச் சிறந்தது ஒன்றும் தேவையில்லை. உள்ளே தெரிகிற பத்து மீட்டர் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை ஊற்றி, இரு முனைகளையும் இரண்டு தூண்களில் பிடித்தால் போதும். உள்ளே ஒரு காற்றுக் குமிழி மாட்டியிருந்தாலும் அது பொய் சொல்லும். விரலால் சுண்டிச் சுண்டிக் குமிழியை மேலேற்றிய பிறகுதான் கோடு போட வேண்டும்.

இந்த வழிக்குத் தூண் செலவு உண்டு. பதிலுக்குக் கிடைப்பது பெரிது. கீழ்ப்பக்கப் பாதை இடுப்பளவில் ஓடும். குனியாமல் வேலை செய்யலாம், கண்ணுக்கு நேராக ரயில் போகும், வளைவில் நாலைந்து ஆர்ச் கட்டிவிட்டால் எல்ல பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தின் சாயல் சும்மாவே வந்துவிடும். அந்தப் பாலமும் வளைவில்தான் நிற்கிறது என்பதால் நேர்கோட்டில் கட்டினால் பார்ப்பவர் நம்பமாட்டார்.

கொஞ்சம் சாய்த்தால் தூணின் உயரம் குறையுமே என்று எல்லோருக்கும் ஒரு யோசனை வரும். சரி, கணக்கைப் பார்ப்போம். மேல்பக்க நடுவிலிருந்து கீழ்ப்பக்க நடுவுக்குப் பத்து மீட்டர் பாதை. 1-க்கு 40, அதாவது நாற்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற இறக்கத்தில் அதற்குள் 25 சென்டிமீட்டர்தான் இறங்க முடியும். ஒரு மீட்டர் தூண் முக்கால் மீட்டர் ஆகும், அவ்வளவுதான் லாபம். பதிலுக்கு எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் முக்கி முக்கி ஏற வேண்டும். சமதரையில் எட்டுப் பெட்டி இழுப்பது இந்த ஏற்றத்தில் ஏறத்தாழ பாதியோடு நின்றுவிடும், வளைவில் சக்கரம் உரசுவது வேறு. தண்டவாளத்தடியில் போட்ட சிப்ஸ் கல்லும் மழையோடு மெல்ல மெல்லக் கீழே நகரும். கொழும்பு–பதுளைப் பாதையிலேயே ஆகக்கூடிய ஏற்றம் 1-க்கு 44தான். கடுகண்ணாவ ஏற்றத்தில் நீராவிக் காலத்தில் பின்னால் இன்னொரு எஞ்சின் நின்று தள்ளிக்கொடுத்தது. 25 சென்டிமீட்டருக்காக அந்தத் தொல்லையை வீட்டுக்குக் கூட்டி வருவானேன்?

போய் வரும் கோடு

வளையமே வேண்டாம், சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில் ஒரு கோடு, இரு முனையிலும் இரண்டு ஸ்டேஷன். தேயிலை மலையின் வண்டிப் பாதைகள் போகிற போக்கில்தான் இதுவும் போகும். ஏற்கனவே கல் கட்டு இருந்தால் அதன் தலையிலேயே தண்டவாளம் படுத்துவிடும், ஒரு கூடை மண்கூட வெட்ட வேண்டாம். ஆகக் குறைந்த செலவு இதற்குத்தான்.

குறை என்னவென்றால் பத்து மீட்டரில் பயணம் முடிந்துவிடும். தானாகப் போய்த் திரும்பும் சின்ன மின்சுற்று ஒன்று போட்டுவிட்டால் தேத்தண்ணீர் குடிக்கும் நேரத்துக்கு வேடிக்கை காட்டும். அதற்கு மேல் அலுத்துவிடும். பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம். பிறகு பெரிதாக்கும் எண்ணத்தோடு தொடங்குகிறவருக்கு இதைச் சொல்வேன், இதோடு நிறுத்தப் போகிறவருக்குச் சொல்லமாட்டேன்.

தெமோதரச் சுற்று

மலையகத்தில் யார் ரயில் பாதை போட்டாலும் மனதுக்குள் ஆசைப்படுவது இதற்குத்தான். தெமோதர ஸ்டேஷனை விட்டுப் புறப்படும் பாதை மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழைந்து வரும். கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு இந்த யோசனை வந்தது என்று ஊர்க்கதையும் உண்டு.

வீட்டில் செய்யப் பார்த்தால், கீழே போகும் ரயிலின் உயரமும் மேல் பாதையின் பலகைத் தடிப்புமாகச் சேர்த்து, தண்டவாளத்துக்குத் தண்டவாளம் 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். 1-க்கு 40 இல் அதற்குப் பத்து மீட்டர் சுற்றுப்பாதை. விட்டம் 3.2 மீட்டர். நம்முடைய 5 மீட்டர் அகலத்தில் ஒரு சுற்று எப்படியோ அடங்கும், அதோடு இடம் காலி. முழுச் சரிவையும் ஏறுவதற்கு ஐந்து சுற்று, ஐம்பது மீட்டர் பாதை வேண்டும். அப்புறம் சுரங்கத்துக்குள் பெட்டி கவிழ்ந்தால் கை நுழைய வழி வைத்தாக வேண்டும். மூடியைத் தூக்குகிற மாதிரி மேலே ஒரு கொங்கிரீட் பலகை வைப்பது ஒன்றுதான் வழி. அந்தப் பலகையில் ஸ்டேஷனைக் கட்டிவிட்டால், ஒவ்வொரு விபத்துக்கும் ஸ்டேஷனையே தூக்க வேண்டும்!

காணி பெரிதாக உள்ளவர்கள் கட்டாயம் செய்யட்டும். பழைய பங்களா முற்றம் போன்ற இடம் என்றால் இதை விட அழகு வேறில்லை. ஏழு பேர்ச்சில் பெரிய அளவு ரயிலுக்கு இது ஒத்துவராது.

இசட் பாதை

இந்த வழியை ஏன் யாரும் மதிப்பதில்லை என்று எனக்கு விளங்கவில்லை. 1881இல் திறந்த டார்ஜிலிங் மலை ரயிலில் இன்றும் பார்க்கலாம்: ரயில் முன்னால் போய் ஒரு முட்டுப்பாதையில் நிற்கும், பிறகு பின்னோக்கி ஏறி அடுத்த முட்டில் நிற்கும், மறுபடி முன்னோக்கி. வளைந்து திரும்ப இடமே தேவையில்லை.

நம் காணியில் இரு ஓரங்களிலும் ஒன்றரை மீட்டரை முட்டுப்பாதைக்கு விட்டால் நடுவில் 7 மீட்டர் மிஞ்சும். முன்னும் பின்னுமாக ஒரு தடவை கடக்கும் அந்த ஏறுபாதையை 1-க்கு 30 என்று வைத்தால், ஒவ்வொன்றிலும் 23 சென்டிமீட்டர் ஏறலாம். ஐந்து ஏறுபாதையில் சரிவு ஏறத்தாழ முழுவதும் ஏறியாயிற்று. இதில் உள்ள சூட்சுமம், பாதை சரிவுக்குக் குறுக்கே சாய்வாகப் போவதால் தரையோடு தரையாகவே ஏறும் என்பது. 23 சென்டிமீட்டர் ஏறும்போது அது சரிவின் திசையில் 90 சென்டிமீட்டர் சொச்சம் மேலே நகர்ந்திருக்கும், தரையும் அங்கே அதே உயரத்தில்தான் இருக்கும். வெட்டும் இல்லை, தூணும் இல்லை. இடையில் விழும் முக்கோணத் துண்டுகளில் லீக்ஸோ பூவோ நடலாம்.

ஒன்றரை மீட்டர் முட்டில் ஒரு எஞ்சினும் மூன்று பெட்டியும்தான் நிற்கும். ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு ரயிலை மாற்றிவிடும் பொயின்ட் நாலு வாங்க வேண்டும், பாதைச் செலவில் ஆகக் கூடியது அதுதான். பின்னோக்கித் தள்ளும்போது லேசான பெட்டி தடம் புரளும், அடியில் ஈயத் துண்டு ஒட்டினால் அடங்கும். கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு நின்று ஓட்டுகிறவர்களுக்கு இது தனி சுகம். ஓடவிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்து பார்க்கிறவர்களுக்கு வளையந்தான்.

பல்சக்கரம் வைத்து நேராக ஏற்றிவிடலாமே என்பவர்களுக்கு ஒரு வரி. நீலகிரி ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே அப்படித்தான் ஏறுகிறது. மாதிரியிலும் கிடைக்கும். ஆனால் எஞ்சின், பல்தண்டு எல்லாமே தனி, விலையும் தனி. இலங்கையில் ஒரு பல் உடைந்தால் மாற்றப் பொருளுக்கு வெளிநாட்டிலிருந்து யாராவது வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மின்சாரம், பெட்டரி, நீராவி

வெளியே போட்ட பாதையில் தண்டவாளம் வழியாக மின்சாரம் கொடுப்பது நமது ஈரத்துக்குப் பொருந்தாது. பித்தளை கறுக்கும், நத்தை ஊர்ந்த தடம் காய்ந்தாலே சக்கரத்துக்கு மின் தொடுப்பு அறும், ஒவ்வொரு தடவையும் ஓட்டுமுன் துடைத்துக்கொண்டு நடக்க வேண்டும். பெட்டரி என்றால் இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை. நாலு லிதியம் செல்லைப் போட்டால் சுமார் 15 வோல்ட். அந்தப் பாரமே எஞ்சினின் பிடிப்பைக் கூட்டும், ஏற்றத்தில் இது பெரிய உதவி. தண்டவாளம் மின்சாரம் கடத்தத் தேவையில்லாததால் மலிவான அலுமினியமே போதும். அலுமினியம் வெயிலில் கூடுதலாக நீளும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அதிகாலை 5 பாகையிலிருந்து நண்பகலில் தண்டவாளம் 45 பாகைக்குச் சூடேறினால், பத்து மீட்டரில் 9 மில்லிமீட்டர் நீளும். மூட்டுகளில் இடைவெளி விடாவிட்டால் பாதை பாம்பு போல நெளியும்.

உண்மையான நீராவி எஞ்சினுக்குச் சமமான வளையம் ஒன்றுதான் சரி. ஏற்றத்தில் மூச்சு முட்டும், இறக்கத்தில் தறிகெட்டு ஓடும். நுவரெலியாக் குளிரில் பியூட்டேன் வாயுவின் அழுத்தமும் இறங்கிவிடும், தாங்கியை வெந்நீரில் கொஞ்சம் சூடாக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்தக் குளிரில் புகைபோக்கியிலிருந்து கிளம்பும் வெள்ளை நீராவி இருக்கிறதே, அதைக் கொழும்பில் பார்க்க முடியாது.

சின்ன அளவு

16.5 மில்லிமீட்டர் பாதையைப் பலரும் வீட்டுக்குள் மட்டும் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கு ஓடிய, 1940களில் மூடிய சின்னப் பாதையின் அகலம் 762 மில்லிமீட்டர். அதை 48இல் ஒன்றாகச் சுருக்கினால் இந்த 16.5க்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். ரயில் சிறிதாவதால் ஒன்றின் மேல் ஒன்று கடக்கப் பத்து சென்டிமீட்டர் போதும், தெமோதரச் சுற்றின் விட்டம் 1.3 மீட்டராக இறங்கிவிடும். ஏழு பேர்ச்சில் சுற்றுப்பாதை வேண்டுமென்றால் இது ஒன்றே வழி. ஆனால் ஒரு சவுக்கு இலை போதும், ரயில் நிற்கும். அட்டை ஊர்ந்தாலும் நிற்கும். கூரைத் தாழ்வாரத்தின் கீழ் இடம் இருந்தால் மட்டும் இதை எடுங்கள்.

நம்முடைய 10-க்கு 5 துண்டில் நான் போடுவது 45 மில்லிமீட்டர் இசட் பாதை, பெட்டரி எஞ்சின். சரிவு இதைவிட மெதுவாக, ஆறுக்கு ஒன்று என்பது போல இருந்தால் தூண் வைத்த சமவளையத்துக்கு மாறிவிடுவேன்.

எதைத் தேர்ந்தாலும் பாதையின் மேல்பக்கம் ஒரு கான் வெட்டி, இரண்டு மீட்டருக்கு ஒன்றாகத் தண்டவாளத்தடியில் இரண்டங்குலக் குழாய் பதியுங்கள். இல்லாவிட்டால் பாதையே தண்ணீரைத் தடுக்கும் அணையாகிவிடும். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை மண் வேலைக்கு ஏற்ற காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூனுக்குப் பிறகு காயும். தண்டவாளம் வாங்குமுன் ஒரு மழைக்காலம் முழுக்கக் கானையும் தூண்களையும் மட்டும் நனையவிட்டு, எந்த இடம் இறங்குகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.