அலமாரி ஈரத்தைத் தாங்கியவை: அவசரப் பைக்கான தீமூட்டிகள், என் நெடுநாள் அனுபவம்

தீமூட்டிகளைப் பற்றிய மதிப்புரைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. பனியில் எது பற்றும், காற்றில் எது அணையும் என்று விரிவாகச் சொல்வார்கள். சிங்கப்பூரில் இருப்பவனுக்கு முதல் கேள்வியே வேறு. விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும் ஊர் இது. பையில் வைத்த பொருள் மாதக்கணக்கில் அந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டே கிடக்கிறது. தேவைப்படும் நாளில் அது பற்றுமா? பல ஆண்டுகளாக மலேசியாவின் ஜோகூர் மலைகளுக்கும் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்கும் தூக்கிச் செல்லும் பையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில், மழையில் தோற்ற பொருள்களைவிட அலமாரியிலேயே தோற்ற பொருள்கள்தாம் அதிகம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது காட்டுக்கும் மலைக்கும் எடுத்துச் செல்லும் பையைப் பற்றிய பேச்சு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வைத்திருக்கும் அவசரப் பைக்குத் தீமூட்டி வேண்டாம். மின்சாரம் போனால் கைவிளக்கும் மாற்று பேட்டரியும் போதும். எரிவாயு கசிந்திருக்கக்கூடிய நேரத்தில் இருட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுவது பேராபத்து. இரண்டு பைகளையும் கலக்காதீர்கள்.

தீப்பெட்டியை நான் பையிலிருந்து எடுத்தே விட்டேன். பாதுகாப்புத் தீக்குச்சியில் தேவையான மருந்து முழுவதும் குச்சியில் இல்லை; சிவப்புப் பாஸ்பரஸ் பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில்தான் இருக்கிறது. குச்சிகளை மெழுகில் முக்கிக் காப்பாற்றினாலும், அட்டைப் பட்டை நமுத்துப்போனால் உரசும்போதே பிய்ந்து வருகிறது. காற்றுப் புகாத குப்பியில் வைத்தால் சில காலம் தாங்கும். அந்த அளவுக்குப் பாடுபட்டுக் காக்க வேண்டிய பொருளை அவசரத்துக்கு நம்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலிடம் சாதாரண லைட்டருக்குத்தான். சக்கரத்தை உருட்டித் தீப்பொறி வரவைக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பொத்தானை அழுத்தினால் மின்பொறி வரும் வகை நனைந்தால் எளிதில் மீளாது. சக்கர லைட்டர் நனைந்தால் நன்றாக உதறி, ஊதி, சக்கரத்தைக் காய்ந்த துணிமேல் பலமுறை உருட்டினால் மீண்டும் பொறி கக்கும். உள்ளே வாயு எவ்வளவு இருக்கிறது என்று வெளியே தெரியும் நிறத்தில் வாங்குவது நல்லது. பை நெரிபடும்போது வாயுப் பொத்தான் தானாக அழுந்திவிடாமல், அதன் அடியில் ஒரு கேபிள் டையைச் சுற்றி இறுக்கிவிடுவேன். இந்தச் சின்ன வேலையைச் செய்யத் தொடங்கியது முதல் எந்த லைட்டரும் பைக்குள் காலியாகிக் கிடக்கவில்லை. (வெளிநாட்டில் துப்பாக்கி வடிவ லைட்டரைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், சிங்கப்பூருக்குள் அதைக் கொண்டுவரத் தடை இருக்கிறது.)

இரண்டாவது, சுரண்டினால் தீப்பொறி தெறிக்கும் உலோகக் கம்பியான ஃபெர்ரோ கம்பி. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1903இல் உருவாக்கிய இரும்பு, சீரியம் கலவைதான் இதன் மூலம். லைட்டருக்குள் இருக்கும் சின்னக் கல்லும் அதே குடும்பம். சுரண்டும்போது தெறிக்கும் துகள்கள் காற்றுப் பட்டதும் எரிந்து 3000 டிகிரி செல்சியஸை நெருங்கும் வெப்பம் தருகின்றன. தண்ணீரில் முக்கி எடுத்துத் துடைத்தால் உடனே வேலை செய்யும். ஆனால் மழை நீர் வேறு, கடல் உப்பு வேறு. சாங்கியிலிருந்து படகில் உபினுக்குப் போய்வந்த பிறகு துடைக்காமல் விட்ட கம்பியில் சாம்பல் நிறப் பொடி பூத்து, மேற்பரப்பு அரித்துவிடும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து வைக்கிறேன். நகப்பூச்சு பூசினாலும் அரிப்பு நிற்கிறது. அடுத்த முறை சுரண்டும்போது அந்தப் பூச்சு தானே போய்விடும்.

வாங்கும்போது மெல்லிய கம்பியை விட்டுவிட்டு, சுண்டுவிரல் பருமனுள்ளதை எடுங்கள். அதனுடன் கிடைக்கும் தகட்டைவிட, உடைந்த இரும்பறுக்கும் வாளின் துண்டு நன்றாகச் சுரண்டுகிறது. கூர்மையான செங்கோண விளிம்புதான் முக்கியம். தகட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு கம்பியைப் பின்னோக்கி இழுக்க வேண்டும். தகட்டை முன்னே தள்ளினால், பாடுபட்டு அடுக்கிய பஞ்சும் நாரும் கலைந்து போகும்.

பொறி எவ்வளவு சூடாக இருந்தாலும் நொடியில் அணைந்துவிடும். அதை ஏந்திக்கொள்ளும் பொருளில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது. இதைக் கடையில் வாங்கத் தேவையே இல்லை. பெட்ரோலியம் ஜெல்லி தடவிய பஞ்சு போதும். முழுவதும் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் கலந்தது உருகிச் சுருண்டுவிடும். தேக்காவில் (லிட்டில் இந்தியா) பூசைப் பொருள் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும் விளக்குத் திரிப் பஞ்சு இதற்கு அருமையாகப் பொருந்துகிறது. ஜெல்லியை நேரடித் தீயில் காட்டாமல், சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணம் வைத்து இளக்குங்கள். பஞ்சு உருண்டையின் வெளிப்புறம் மட்டும் ஊறட்டும், நடுப்பகுதி காய்ந்தே இருக்கட்டும். பயன்படுத்தும்போது உருண்டையைப் பிய்த்து, அந்தக் காய்ந்த இழைகளை வெளியே இழுத்துவிட்டால் பொறி அங்கே பற்றும். ஜெல்லி எரிபொருளாக நின்று சில நிமிடங்கள் சுடரைக் காக்கும். பிய்க்காமல் அப்படியே வைத்துப் பொறியைக் கொட்டிவிட்டு, பற்றவில்லை என்று சலித்துக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர் வெயிலில் ஜெல்லி இளகிப் பை முழுவதும் பிசுபிசுக்கும். அதற்கு நான் கண்ட வழி, பபிள் டீ குடிக்கும் பருத்த பிளாஸ்டிக் ஸ்ட்ரா. விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு முனையைக் குறட்டால் நெரித்து, வெளியே நீட்டிய விளிம்பை லைட்டரில் காட்டி உருக்கி ஒட்டுங்கள். பஞ்சை, இறைச்சி கோத்துச் சுடும் சத்தே குச்சியால் திணித்துவிட்டு மறுமுனையையும் அப்படியே மூடுங்கள். வெளியே கசியாது, உள்ளே ஈரம் புகாது. நீண்ட காலம் கழித்துப் பிரித்தவையும் புதிது போலவே பற்றின. வெயிலில் நிற்கும் காரில் வைப்பவர்கள் மட்டும் ஜெல்லிக்குப் பதிலாக மெழுகில் தோய்த்த பஞ்சு வில்லைகளைச் செய்துகொள்ளலாம். அதைக் குறுக்கே உடைத்து, இழைகளை நன்றாகக் கோதிவிட வேண்டும்.

சூடத்தைப் பற்றிக் கேட்காத தமிழர் இல்லை. பற்றுவதில் அதற்கு இணை கிடையாது. ஆனால் திடநிலையிலிருந்து நேரே ஆவியாகும் குணம் அதற்கு உண்டு. சாதாரணத் தாள் உறையில் வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து காணாமற்போகும். இறுக்கமான மூடியுள்ள சிறு கண்ணாடிக் குப்பியில்தான் வைக்க வேண்டும். குழந்தைகள் விழுங்கினால் வலிப்பு வரும் அளவுக்கு நஞ்சு என்பதால், வீட்டில் சிறுவர்கள் இருந்தால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தேசிய சேவை (கட்டாய ராணுவச் சேவை) செய்தவர்களுக்குத் திட எரிபொருள் வில்லைகள் பழக்கம். என் அண்ணன் இன்றும் அதைத்தான் விரும்புகிறார். “தம்பி, அதை வைத்தால் ஒரு கோப்பை தண்ணீர் நிச்சயமாகச் சுடும்” என்பார். உண்மைதான். ஆனால் அதுவும் ஈரத்தை இழுக்கும், வெறும் பொறிக்குப் பற்றாது, புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். கூடாரத்துக்குள் கொளுத்தவே கூடாது. என் பையில் அதற்கு இடம் துணைப்பொருளாக மட்டுமே.

பழகிப் பார்க்க இடம் எங்கே என்று பலர் கேட்கிறார்கள். பூங்காக்களிலும் கடற்கரையிலும் நினைத்த இடத்தில் தீ மூட்ட அனுமதி இல்லை. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலோ பாசிர் ரிஸ் பூங்காவிலோ பார்பிகியூ அடுப்பைப் பதிவு செய்துகொண்டு, கரியைப் பற்றவைக்கும் வேலையை ஃபெர்ரோ கம்பியிடமே விட்டுவிடுங்கள். மழை பெய்து ஓய்ந்த மாலையாக இருந்தால் இன்னும் நல்லது. காய்ந்த தேங்காய் நாரைக் கையில் கசக்கி, குருவிக்கூடு போல் குழித்து, நடுவில் ஜெல்லிப் பஞ்சை வைத்துப் பாருங்கள். உதிர்ந்த சவுக்கு இலைகளையும் அதன்மேல் சேர்க்கலாம். நார் மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி காட்டிக்கொடுத்துவிடும்.

விமானத்தில் போகிறவர்கள் லைட்டரைப் பெட்டியில் போட்டு அனுப்ப முடியாது. ஒன்றே ஒன்றை உடலோடு வைத்துக்கொள்ளலாம். ஃபெர்ரோ கம்பிக்கு விமான நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுகிறது என்பதால், கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். என் பையில் இப்போது இருப்பவை கேபிள் டை சுற்றிய இரண்டு லைட்டர்கள், ஒரு ஃபெர்ரோ கம்பி, வாள் துண்டு, ஒரு பிடி ஸ்ட்ராக் குப்பிகள். ஆண்டிறுதி வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, லைட்டர்களைத் தட்டிப் பார்த்து, பழைய ஸ்ட்ரா ஒன்றைப் பிரித்துப் பற்றவைத்துச் சோதித்த பிறகே பையை மறுபடி கட்டுகிறேன்.