தரகர் சொன்ன ‘சரி’, ஏஐ சொன்ன ‘சரி’

களக்காட்டு வாழை வியாபாரி தார் பேச ஒரு தரகரை வைக்கலாம், தானே பேசி வாங்கும் மென்பொருளான ஏஐ ஏஜென்ட்டிடமும் விடலாம். சிக்கல் வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

200 தாருக்கு மேல் வேண்டாம் என்று நீங்கள் சொல்லியும் தரகர் 500 பேசிவிட்டால், நட்டத்தை அவரிடமே கேட்கலாம். 1872 ஒப்பந்தச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் உங்கள் சொல்லோ நடத்தையோ அவருக்கு முழு அதிகாரம் உண்டென்று விற்பவரை நம்பவைத்திருந்தால், அதே சட்டத்தின் 237-ஆம் பிரிவுப்படி அந்தப் பேச்சு உங்களைக் கட்டுப்படுத்தும். எல்லையை விற்பவரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஏஐ சட்டப்படி ஒரு நபரே அல்ல. அதன்மேல் வழக்குப் போட முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 11: தானாக இயங்கும்படி நீங்கள் அமைத்த கணினி அனுப்பியது, நீங்கள் அனுப்பியதே. 200-ஐ 2,000 என்று அனுப்பினாலும் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். மென்பொருள் நிறுவனத்திடம் கேட்கப் போனால், இழப்பீட்டுக்கு உச்சவரம்பு போட்ட விதிமுறை பெரும்பாலும் குறுக்கே நிற்கும். அதை முதலிலேயே படியுங்கள்.

அன்றாடச் சிறு கொள்முதலுக்கு ஏஐ போதும். தொகை வரம்பை அமைப்பிலேயே பூட்டி, அதைத் தாண்டினால் உங்கள் ஒப்புதல் கேட்கச் செய்து, பதிவுகளைப் பத்திரப்படுத்துங்கள். தோட்டக் குத்தகை, பெரிய முன்பணம் என்றால் ஆள்தான்.