பப்பெட்டில் புது நோடு: பெயரை நம்புவதா, ரகசியத்தைக் கேட்பதா?

பல கணினிகளின் அமைப்பை ஒரு மைய சர்வரிலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள் பப்பெட். கிளஸ்டரில் புது நோடு (கணினி) சேரும்போது, அதில் ஓடும் பப்பெட் ஏஜென்ட், சர்வரின் 8140 போர்ட்டுக்குத் தன் அடையாளத்துக்கான ஒரு சான்றிதழ் கோரிக்கையை அனுப்பும். நோடுகள் பெருகிவிட்டால் ஒவ்வொன்றுக்கும் கையால் ஒப்புதல் தந்து மாளாது. தானாகத் தர இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, ஆட்டோசைன் கோப்பில் பெயரையோ நட்சத்திரக் குறியிட்ட டொமைனையோ எழுதிவைப்பது. ஒரே வரியில் வேலை முடியும். ஆனால் அந்தப் பெயர் நோடு தானே சொல்லிக்கொள்வது. போர்ட்டை எட்டக்கூடிய யாரும் அதே பாணியில் ஒரு பெயரைச் சொல்லிச் சான்றிதழ் வாங்கிவிடலாம். அப்புறம் அந்தப் பெயருக்கான கேட்டலாகில் (சர்வர் நோடுக்குத் தரும் அமைப்பு விவரத்தில்) உள்ள கடவுச்சொற்களும் அவர் கையில். வெளித்தொடர்பே இல்லாத சோதனைக்கூடம் தவிர வேறெங்கும் இதை வைக்காதீர்கள்.

மற்றது, ஒப்புதலை ஒரு ஸ்கிரிப்ட்டிடம் விடுவது. சர்வர் நோடின் பெயரை ஆர்கியுமென்டாகவும், முழுக் கோரிக்கையை ஸ்டாண்டர்ட் இன்புட்டிலும் தரும். ஸ்கிரிப்ட் 0 என்று முடிந்தால் ஒப்புதல், இல்லையென்றால் இல்லை. நோடை உருவாக்கும்போதே கோரிக்கையில் ஒரு ரகசியத்தைச் சேலஞ்ச் பாஸ்வேர்டாக (கோரிக்கையோடு மட்டும் போகும் கடவுச்சொல்லாக) வைத்துவிட்டால், ஸ்கிரிப்ட் அதைச் சரிபார்க்கும். அதையே எக்ஸ்டென்ஷனாக (சான்றிதழுக்கான கூடுதல் விவரமாக) வைத்தால் ரகசியம் சான்றிதழிலேயே பதிந்துவிடும். சேலஞ்ச் பாஸ்வேர்ட் பதியாது. எல்லா நோடுகளுக்கும் ஒரே ரகசியம் வேண்டாம். நோடுக்கு ஒன்று, ஒருமுறை பயன்பட்டதும் செல்லாததாகும்படி ஸ்கிரிப்ட்டை எழுதுங்கள்.