பி அலையா, எஸ் அலையா: நிலநடுக்க மையத்தைக் காட்டிக்கொடுப்பது எது?

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. ஜப்பானின் டோஹோகு கடற்பகுதியில் 9.0 அளவிலான நிலநடுக்கம். அதன் பி, எஸ் என்ற இரண்டு அதிர்வலைகளும் ஒரே இடத்திலிருந்து ஒரே சமயத்தில்தான் கிளம்பின. வந்து சேர்ந்த நேரம்தான் வேறு.

பி அலை பாறையை அழுத்தி விரித்தபடி, மேலோட்டில் நொடிக்குச் சுமார் 6 கி.மீ. ஓடும். பக்கவாட்டில் உலுக்கும் எஸ் அலைக்குச் சுமார் 3.5 கி.மீ. வேகம்தான், ஆனால் சேதத்தில் பெரும்பங்கு அதற்கே.

நில அதிர்வுமானியின் பதிவில் பி அலை தெளிவாகத் தெரியும். அமைதியான கோடு சட்டென்று துள்ளும். எஸ் அலையோ, பி அலையின் நடுக்கம் அடங்குமுன் அதற்குள்ளேயே வந்து விழும். அதன் தொடக்கத்தைக் குறிப்பதற்குப் பழகிய கண் வேண்டும்.

இருந்தாலும் ஒரே நிலையத்தில் பதிவான பி அலையின் நேரம் மட்டும் தூரத்தைச் சொல்லாது. அது எப்போது கிளம்பியது என்பது தெரியாதே! எஸ் அலை வந்ததும் கணக்கு பிடிபடுகிறது. அருகில் நிகழும் அதிர்வில் இரண்டும் வந்து சேர்வதற்கு இடைவெளி 10 நொடி என்றால் மையம் ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில். மூன்று நிலையங்களைச் சுற்றி இப்படிக் கிடைக்கும் தூரத்தை ஆரமாக வைத்து வட்டம் வரைந்தால், அவை சந்திக்கும் இடத்தில் மையம்.

பூமியின் மறுபக்கத்துக்கு எஸ் அலை நேரே போகாது. பூமிக்குள் ஆழத்தில் இருக்கும் திரவ அடுக்கான வெளிக்கருவம் அதைத் தடுத்துவிடும். அங்கே பி அலைதான் துணை.

அவசர எச்சரிக்கைக்கும் என் தேர்வு பி அலையே. அன்று ஜப்பான் வானிலை முகமை அதை வைத்தே கணித்து, சென்டாய் நகரைப் பலத்த அதிர்வு எட்டுமுன் எச்சரித்தது.